லிட்டருக்கு நாற்பது

சசிரேகா பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியதும் திரையில் இருந்த எண் கூடியது.

இருபத்துநான்கு புள்ளி ஆறு என்றிருந்தது இருபத்துநான்கு புள்ளி ஒன்பது ஆனது. வண்டி இன்னும் நகரவே இல்லை. தண்டலத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னால், ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில், சாக்கடையும் நனைந்த முருங்கை இலையும் கலந்த வாடை கண்ணாடி இடுக்கு வழியே வந்துகொண்டிருக்க, கலைமதி ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று சொல்லும் எண் அது. ஆள் ஏறினால் எடை கூடும். எடை கூடினால் அந்த எண் இறங்கும். இறங்கித்தான் ஆக வேண்டும்.

"இன்னாக்கா, எடு வண்டிய. அஞ்சு நிமிஷம் லேட்டுன்னா எங்க லைன் லீடர் மூஞ்சிய தூக்கி வச்சிக்கும். நீயா பாக்கப் போற அத?"

"சசி, நீ இப்ப இன்னா வெயிட்டு?"

"காலங்காத்தால கேக்கற கேள்வியாக்கா இது? முன்சீட்ட கழட்டின, ஸ்டெப்னிய கழட்டின. அடுத்து என்னையும் போல்ட்டு கழட்டி எறக்கி வுட்டுப் போலாம்னு பாக்கறியா?"

கலைமதி சிரித்தாள். ஆனால் வண்டி தெருமுனை திரும்பும்போது எண் இருபத்தைந்தைத் தொட்டது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். தங்கை சசிரேகாவுக்கு இருபத்தொரு வயது. வல்லம் வடகாலில் செல்போன் பாகம் பொருத்தும் லைனில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அப்பா எங்கே என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. ஆடி மாதம் கான்ட்ராக்ட் பெண்களுக்கான கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரமே ஒரு சாயங்காலம் சசி வந்த ஷேர் ஆட்டோவை இரண்டு பேர் பைக்கில் துரத்திக்கொண்டே வந்தார்கள். அவள் வழியில் ஒரு டீக்கடையில் இறங்கி, கடைக்காரரின் மனைவிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கலைமதி போய்க் கூட்டி வந்தபோது அவள் உள்ளங்கை முழுக்க நகம் பதிந்த பிறைகள். அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த வண்டி. சசியைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட வேண்டும், பத்திரமாகக் கொண்டுவர வேண்டும். வேறு எதற்கும் இல்லை.

பதின்மூன்று வருடப் பழைய ஹைப்ரிட். பெட்ரோல் இன்ஜின் ஒன்று, மின்மோட்டார் ஒன்று. மெதுவாகப் போகும்போது இன்ஜின் அணைந்து மோட்டார் மட்டும் ஓடும், டயர் தரையில் உரசும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாமல். முதல் முறை ஓட்டியபோது ஓரத்தில் நின்ற நாய்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து கலைமதி அதன் எடையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றினாள். ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி, டிக்கியின் அட்டை எல்லாவற்றையும் எடுத்தாள். முன்னால் காற்று புகும் கிரில்லைப் பாதிக்குமேல் ஃபோம் ஷீட் வைத்து அடைத்தாள். சக்கரங்களுக்குத் தட்டையான மூடி வெட்டி மாட்டினாள். டயரில் காற்றை ஏற்றினாள். பிரேக் போடாமல் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு ஃபர்லாங்குக்கு முன்பே காலை எடுத்து, உருண்டு உருண்டு வந்து, சிக்னலில் தானாக நிற்க வைப்பாள். பின்னால் வரும் லாரிக்காரர்கள் அவள் குடும்பத்தையே திட்டிக்கொண்டு முந்துவார்கள். அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினெட்டு, பத்தொன்பது. அதற்கு மேல் ஏறவில்லை. பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் திரையில் சிவப்பு முக்கோணம் வந்து நின்றது.

சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில் டில்லிபாபு பழைய வண்டிகளை உடைத்து விற்பவர். தகர வேலிக்குப் பின்னால், முட்செடிக்கு நடுவே, அதே மாடல், அதே வெளுத்த வெள்ளை நிறத்தில் ஒரு வண்டி கதவுகள் இல்லாமல் நின்றது. உள்ளே சீட்டு இல்லை. தரையில் புல் முளைத்திருந்தது.

"வெள்ளத்துல போச்சா, ஆக்சிடென்ட்டுல போச்சா, எனக்குத் தெரியாதும்மா. ஏலத்துல எடுத்தேன்," என்றார். "எல்லாம் செத்துப் போச்சு. பேட்டரி மட்டும் சாவல."

கலைமதி பின்னால் குனிந்து பார்த்தாள். பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பிளக். அதைப் பிடுங்கினால் பேட்டரியின் மின்சாரம் வண்டிக்குப் போகாது; வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக வைத்தது. அந்தப் பிளக் பாதி பிடுங்கிய நிலையில் இருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

அவள் கை தானாகப் பின்னுக்கு வந்தது.

அந்த அட்டை என்னவென்று இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை வாசல் மிதித்த எல்லோருக்கும் தெரியும். மெஷினுக்குள் வேலை செய்ய இறங்குகிறவர், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தன் பெயரும் படமும் ஒட்டிய சிவப்பு அட்டையைச் சுவிட்சில் கட்டிவிட்டுத்தான் இறங்குவார். வெளியே வந்து அவரே அவிழ்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. மேனேஜர் தொடக்கூடாது. முதலாளி வந்தாலும் தொடக்கூடாது. அந்த அட்டைக்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே ஆள் இருக்கிறது.

பெயர் பால்பேனாவில் எழுதியிருந்தது. சந்தனமாரி. படம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. முகம் இல்லை. நடுவகிடு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது.

"இது யாரு கட்னது?"

"அத கேக்காத. எங்கிட்ட வேல செஞ்சவனுங்க மூணு பேரு அத பாத்துட்டு, வண்டிய தொட மாட்டேன்னு பூட்டானுங்க. எல்லாம் கம்பெனில குப்ப கொட்டினவனுங்க. கட்னவங்க வந்துதான் அவுக்கணுமாம். ஆறு மாசமா குந்திகினு கீது. நீயும் கம்பெனிதான?"

"ஆமா."

"அப்ப உனக்கும் பயமா?"

அவர் அதை ஏளனமாகத்தான் கேட்டார். கலைமதி இன்னொரு முறை வண்டிக்குள் பார்த்தாள். புல், துரு, ஒரு ஓணான். செத்த வண்டிக்குள் யார் இருக்கப்போகிறார்கள்? பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். ஒன்பது வருடத்தில் அடுத்தவர் அட்டையை அவள் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. கம்பி அறுபட்டபோது நகம் வெட்டுகிற மாதிரி ஒரு சின்ன சத்தம் கேட்டது. அட்டை புல்லுக்குள் விழுந்தது. ஓணானைக் காணவில்லை.

பேட்டரியை மாற்றிய பிறகு மூன்றாம் நாள்தான் சசி ஏறியதும் எண் கூடிய அந்த விடியற்காலை.

அதற்கப்புறம் கலைமதி கவனிக்க ஆரம்பித்தாள். தனியாக ஓட்டினால் இருபத்துநான்கு. சசியோடு ஓட்டினால் முதல் வாரம் இருபத்தாறு, இரண்டாம் வாரம் இருபத்தொன்பது. ஒரு நாள் பின்சீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்தாள். எண் இறங்கியது, நியாயப்படி. பக்கத்து வீட்டு உலகம்மாள் முட்டிவலிக்கு ஊசி போட ஸ்ரீபெரும்புதூர் வரை வந்தபோது ஏறியது. இறங்கும்போது உலகம்மாள், "இன்னாடி வண்டி இது, குந்தினதும் கண்ண அசத்துது. ஒடம்பெல்லாம் ஈரத்துணி சுத்தின மாரி கீது," என்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டே போனாள். அதன் பிறகு கூப்பிட்டும் வரவில்லை.

பின்சீட்டின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கிரில் இருந்தது. பேட்டரி சூடாகாமல் இருக்க வண்டிக்குள் இருக்கும் காற்றை உள்ளே இழுக்கும் துவாரம்; அதன் பின்னால் சின்னக் காற்றாடி. சூடு ஏறினால்தான் அது சுற்றும். இப்போது மழைக்கால விடியற்காலையிலும் சுற்றியது. சசி ஏறினால் சுற்றியது. காற்றாடிச் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. இழுக்கும். நிற்கும். மறுபடி இழுக்கும், கொஞ்சம் நீளமாக, மூக்கு அடைத்த ஒருவர் தூக்கத்தில் இழுப்பதுபோல. வெளியே மட்டும் விடாது.

சசி ஏறிய இரண்டாவது நிமிடம் தூங்கிப் போவாள். தலை இடது பக்கம் சாயும். கண்ணாடியில் பார்த்தால் அவள் காதோர முடி கிரில்லை நோக்கி அசைந்துகொண்டிருக்கும், காற்றே இல்லாத வண்டிக்குள்.

ஒரு நாள் ஒரகடம் மேம்பாலத்தின் கீழே, தூக்கத்திலேயே அவள் சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி குந்துங்க."

கலைமதி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். "யாராண்ட சொல்ற?"

"ம்?"

"தள்ளி குந்துங்கன்னு சொன்னியே. யார?"

"நானா? போக்கா. தூக்கத்துல லைன்ல நிக்கற மாரி கனவு வந்திருக்கும்." கொட்டாவி விட்டாள். உதடு வெளிறி, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. "ஏங்க்கா, வண்டில ஹீட்டர் இல்லியா? கை வெறைக்குது."

கலைமதி கையைப் பின்னால் நீட்டித் தங்கையின் விரல்களைத் தொட்டாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பால் பாக்கெட் மாதிரி இருந்தது. அப்போதே இறக்கிவிட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குத் திரையில் முப்பத்தொன்று.

முப்பத்தொன்று என்று அவள் மெயின்டனன்ஸ் பிரிவில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "இன்னா, கழுதைய கட்டி இழுக்கறியா?" என்றார்கள். "பொம்பள ஓட்டினா வண்டி பயத்துல பெட்ரோல் குடிக்காது போல," என்றான் ஒருவன். ஒன்பது வருடமாக அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலையைத்தான் முதலில் தருவார்கள். போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். சிரிப்பு நின்றது. அந்த மௌனம் அவளுக்குப் பிடித்திருந்தது. நாற்பதைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்று மறுநாளும் சசியைப் பின்சீட்டில்தான் ஏற்றினாள். அதற்கு மறுநாளும். சரியாகத் தூங்குவதில்லை, இரும்புச்சத்துக் குறைவு, லைனில் ஏசி அதிகம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வாரம் ஒரு முறை பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாள்.

முப்பத்துநான்கு. முப்பத்தாறு.

கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், திரையில் மின்சாரம் போகிற வழியைக் காட்டும் படத்தைத் திறந்தாள். மேலிருந்து பார்த்த வண்டியின் கோட்டுப்படம். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு ஒரு அம்பு, சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஒரு அம்பு; இவ்வளவுதான் அதற்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஓட்டியபோது பதிவான அம்புகள் வரைக்கும் பின்னோக்கி நகர்த்தினாள். சசி ஏறிய இடத்தில் மூன்றாவதாக ஒரு அம்பு இருந்தது. மெல்லியது. சாம்பல் நிறம். படத்தில் சீட்டே வரையப்படவில்லை. ஆனால் பின்சீட்டு இருக்க வேண்டிய வெற்று இடத்திலிருந்து அது கிளம்பிப் பேட்டரிக்குள் போனது.

அவள் வண்டியை அணைத்து இறங்கி, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள். பின்கதவைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் கிரில்லை நெம்பி எடுத்தாள்.

உள்ளே முடி.

பழைய வண்டியில் அந்தத் துவாரத்தில் தூசியும் முடியும் அடைவது வழக்கம்தான். ஆனால் இது அடைந்த முடி இல்லை. நீளமாக, சிக்கில்லாமல், இப்போதுதான் சீவியதுபோல் ஒரே திசையில் படிந்திருந்தது. தேங்காயெண்ணெயும் பேட்டரியின் உப்புப் பொடியும் கலந்த வாடை வந்தது. கறுப்பு முடி, செம்பட்டை முடி, நரை ஓடிய முடி, ஒன்றின்மேல் ஒன்றாக. மேலே இருந்த இழைகளில் சசி போட்ட மருதாணிச் சாயத்தின் நிறம். கலைமதி இரண்டு விரலால் அதைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஒரு சாண் வந்தது. அதற்குமேல் வரவில்லை. பிறகு, நிதானமாக, அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து வழுக்கிக்கொண்டு, முடி உள்ளே திரும்பிப் போனது. வண்டி அணைந்திருந்தது. சாவி வீட்டுக்குள் இருந்தது.

கிரில்லைத் திரும்ப அழுத்தி மாட்டி, அன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூடினாள். சசியிடம், "பேட்டரி ரிப்பேரு. ஒரு வாரம் ஷேர் ஆட்டோல போ. டீக்கடை வரைக்கும் நான் வந்து நிக்கறேன்," என்றாள். சசிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் போனாள். நான்காம் நாள் அவள் உதட்டில் நிறம் வந்தது. ஐந்தாம் நாள் மூன்று தோசை கேட்டாள். கலைமதி அடுப்புக்கு முன்னால் நின்று, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

ஆரஞ்சுப் பிளக்கை அன்றே பிடுங்கியிருக்கலாம். பேட்டரியைத் திருப்பிக் கொண்டுபோய் டில்லிபாபுவின் முட்செடியில் போட்டிருக்கலாம். அவள் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு, ஆள் பிடித்து, என்று தள்ளிப்போட்டாள். காரணம் அவளுக்குத் தெரியும். அவள் இன்னும் நாற்பதைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மழை பிடித்தது. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஐந்தரைக்கு சசி போன் செய்தாள். குரலுக்குப் பின்னால் மழை கொட்டும் சத்தம்.

"யக்கா, ஒரு ஆட்டோ கூட வரல. ரோட்டுல முட்டி வரைக்கும் தண்ணி. கேட்ட சாத்திட்டான், உள்ள நிக்க வுட மாட்டேங்கறான்."

"கூட யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. எதிர்ல லாரி நிக்குது. அதுக்கு அடியில ரெண்டு பேரு குந்திகினு கீறானுங்க. என்னியே பாக்கறானுங்கக்கா."

கலைமதி தார்ப்பாயை இழுத்துப் போட்டாள்.

வல்லம் வடகால் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. முன்பு வயலாக இருந்த இடமெல்லாம் மறுபடி தண்ணீராகி, தொழிற்சாலைகளின் விளக்கு அதில் தலைகீழாகக் கிடந்தது. சசி ஓடி வந்து பின்கதவைப் பிடித்தாள்.

"பின்னால ஏறாத. முன்னால வா."

"முன்னால சீட்டே இல்லியேக்கா."

"தரையில குந்து."

"சேறுக்கா."

"சொன்னத செய், சசி."

சசி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு முன்பக்கம் ஏறி, சீட்டு இருந்த இடத்தில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புளிச்சோற்று வாடையும் ஈரத்துணி வாடையும் வந்தது. காற்றாடி சுற்றவில்லை. திரையில் இருபது. கலைமதி அந்த இருபதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள். எங்கே பள்ளம், எங்கே சாலை என்று தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, அடி அடியாக ஓட்டினாள். கழற்றிய சீட்டின் போல்ட் துளைகள் நான்கும் தரையில் திறந்தே கிடந்தன. அவற்றை அவள் அடைக்கவே இல்லை. அந்த வழியாகத் தண்ணீர் குமிழ்விட்டு ஏறியதை அவள் பார்க்கவில்லை. சசி நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்ததையும் பார்க்கவில்லை; "யக்கா, தண்ணி வருது" என்று அவள் இரண்டு முறை சொன்னது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

லாரி வலது பக்கம் திரும்பிப் போனது. இருட்டு.

திரையில் இருபத்தேழு.

கலைமதி பக்கத்தில் பார்த்தாள். தரை காலியாக இருந்தது. தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முப்பத்திரண்டு.

பின்னால் இழுக்கும் சத்தம். நீளமாக.

"சசி. அங்க குந்தாத. எழுந்து வா."

"தண்ணிக்கா." குரல் பாதி தூக்கத்தில் இருந்தது. "கொஞ்ச நேரம்."

முப்பத்தேழு. முப்பத்தொன்பது.

நாற்பது.

எண் நின்றது. கலைமதி பிரேக்கை மிதித்தாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக, முழு பலத்தோடு. வண்டி நின்றது. இறங்கினாள். முட்டி வரை தண்ணீர் அறைந்தது. டிக்கியைத் திறந்தாள். கையுறை இல்லை. வெறும் கையால் ஆரஞ்சுப் பிளக்கைப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். வந்தது. பக்கத்தில் இருந்த சின்னப் பேட்டரியின் வயரையும் பிடுங்கி எறிந்தாள். இனி இந்த வண்டியில் ஒரு பல்பு எரியவும் வழியில்லை.

விளக்கெல்லாம் அணைந்தது. காற்றாடி நின்றது.

மழை. மழை மட்டும்.

இடது பின்கதவைத் திறந்தாள். சசி நேராக உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போட்டிருந்தாள். கைகள் மடியில். கண் திறந்திருந்தது. கலைமதி அவள் மூக்குக்கு முன்னால் விரலை வைத்தாள். எதுவும் வரவில்லை. மார்பில் கை வைத்தாள். அசையவில்லை.

கிரில்லிலிருந்து மூச்சு வந்தது. வெளியே. முதல் முறையாக வெளியே. சூடாக, புளிச்சோற்று வாடையோடு.

"யக்கா."

சசியின் வாய் மூடியே இருந்தது.

"யக்கா, இங்க நெறைய பேரு கீறாங்கக்கா."

கிரில்லின் இடுக்குகளில் உள்ளிருந்து விரல்நுனிகள் வந்தன. நான்கு. லைனில் போடும் வெள்ளை ரப்பர் உறை ஒவ்வொன்றிலும். கலைமதி அவற்றைப் பிடித்தாள். பிடிக்க முடிந்தது. சசியின் விரல்தான். பிடியை விடாமல் மற்றக் கையால் கிரில்லைப் பிய்க்கப் பார்த்தாள். அப்போது அந்த விரல்களுக்குப் பின்னாலிருந்து வேறு ஒரு கை, கறுத்து ஊறிய கை, அவசரமே இல்லாமல் வந்து, சசியின் மணிக்கட்டைப் பற்றி, உள்ளே கூட்டிக்கொண்டு போனது. கலைமதியின் கையில் நான்கு வெள்ளை உறைகள் மட்டும் மிஞ்சின.

திரை ஒளிர்ந்தது.

வண்டி நகர்ந்தது. சத்தமில்லை. திறந்திருந்த கதவு அவள் தோளில் மோதித் தண்ணீரில் தள்ளியது. எழுந்தாள். விழுந்தாள். முழங்கால் எதிலோ குத்திக் கிழிந்தது. வண்டி நடக்கிற வேகத்தில், நேராக, தண்ணீரைப் பிளக்காமல் போய்க்கொண்டிருந்தது. சசி முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நூறு அடி தள்ளி அடுத்த தொழிற்சாலையின் வாசல். பஸ் நிழற்குடை. அதன் கீழே, சசியோடு ஷேர் ஆட்டோவில் வரும் மூன்று பெண்கள், குடையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒருவரையொருவர் ஒட்டி நின்றார்கள். வண்டி அவர்களுக்கு முன்னால் உருண்டு வந்து, பிரேக் விளக்கு எரியாமல், தானாக நின்றது.

"ஏ, நம்ம சசிடி." மழைக்கு மேலே ஒரு பெண் சிரிப்பது கேட்டது. "நல்ல நேரத்துல வந்த போ. உங்க அக்கா ஏத்திக்குமா?"

"ஏறாதீங்க," என்று கலைமதி கத்தினாள். தண்ணீர் வாய்க்குள் போனது. மறுபடி கத்தினாள். நிழற்குடைத் தகரத்தில் மழை கொட்டியது. யாரும் திரும்பவில்லை.

முதல் பெண் குடையை மடக்கினாள். "தேங்ஸ்க்கா," என்று இருட்டாக இருந்த ஓட்டுநர் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, சசியின் முழங்காலைத் தாண்டி உள்ளே போனாள். இரண்டாமவள். மூன்றாமவள், "இன்னாடி சசி, கொஞ்சம் நகர மாட்டியா?" என்று இடித்துக்கொண்டே ஏறினாள்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

வண்டி கிளம்பியது. கலைமதி முட்டியளவு தண்ணீரில் நின்றாள். பின்கண்ணாடியில் நான்கு தலைகள் வரிசையாகத் தெரிந்தன. மூன்று தலைகள் பேசிச் சிரித்து ஆடிக்கொண்டிருந்தன. பிறகு ஆட்டம் குறைந்தது. பிறகு நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக, தூக்கம் வந்ததுபோல, அவை இடது பக்கம் சாய்ந்தன.